அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் வயரிங்கும் தீ விபத்துகளும்

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட இலகுரகச் சரக்கு வண்டி. அமெரிக்காவின் பண்ணைகளிலும் பட்டறைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் புழங்கிவரும் வண்டி இது. இருபது, முப்பது ஆண்டுகள் கடந்த பிக்கப்புகள் அங்கே இன்றும் அன்றாட வேலைக்கு ஓடுகின்றன. எஞ்சின் தேய்ந்தால் பிரித்துப் பூட்டுகிறார்கள். கியர் பெட்டியை மாற்றுகிறார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். ஆனால் தகடுகளுக்குப் பின்னால் கண்ணில் படாமல் ஓடும் வயர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டபடியே கிடந்து முதுமை அடைகின்றன. பழைய பிக்கப்புகளில் தீப்பிடிப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த முதுமை.

வயரிங் கோளாறு முழுவதையும் உரிமையாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. வண்டியின் வடிவமைப்பிலேயே சில பிழைகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரியது, ஃபோர்டு நிறுவனத்தின் வண்டிகளில் பிரேக் அமைப்போடு இணைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய ஸ்விட்ச். எஞ்சின் நின்று, சாவி கையில் இருக்கும் நிலையிலும் அது தீப்பிடிக்கக்கூடியதாக இருந்தது. 1999 முதல் 2009 வரை பத்தாண்டுக் காலத்தில் அதற்காக 1.4 கோடிக்கும் அதிகமான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

ஆறு வோல்ட் காலம்

தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் மின்சாரத்தின் வேலை மிகக் குறைவு. எஞ்சினுக்குள் பொறி உண்டாக்க மேக்னெட்டோ இருந்தது; விளக்குகள் அசிட்டிலின் வாயுவிலோ மண்ணெண்ணெயிலோ எரிந்தன; எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பினார்கள். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் இடம்பெற்ற பிறகு நிலைமை மாறியது. ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு டைனமோ வேண்டும், இவற்றை இணைக்கத் தடித்த வயர்கள் வேண்டும். ஃபோர்டின் மாடல் டி வண்டிகளுக்கு 1919 முதல் ஸ்டார்ட்டர் கிடைத்தது. 1925-இல் ஃபோர்டு நிறுவனமே சரக்குத் தொட்டியோடு கட்டி விற்ற முதல் பிக்கப், 281 டாலர் விலையில் வெளிவந்தது.

அன்று தொடங்கி 1950-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வண்டிகளில் பொதுவாக ஆறு வோல்ட் மின்சாரமே இருந்தது. இரண்டு முன்விளக்கு, ஒரு பின்விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் என்று சுற்றுகள் சிலவே. தனித்தனி வயர் போடுவதைத் தவிர்க்க, பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைத்துவிடுவார்கள். விளக்குக்குப் போகும் மின்சாரம் வயர் வழியாகப் போகும். திரும்பி வருவது சட்டத்தின் வழியாக. ஃபோர்டு வண்டிகளில் அந்நாளில் பாசிட்டிவ் முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் எல்லோரும் நெகட்டிவ் முனைக்கு மாறினார்கள்.

இந்த ஒற்றை வயர் முறை செம்பை மிச்சப்படுத்தியது. அதே வேளையில், காப்புறை கிழிந்த எந்த வயரும் எந்த இரும்புத் தகட்டில் பட்டாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகும் என்ற நிலையையும் அது உருவாக்கியது. வண்டி முழுவதுமே இரும்பு. அதிர்வில் உரசும் ஒவ்வொரு விளிம்பும், எஞ்சின் பகுதிக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் வயர் நுழையும் ஒவ்வொரு துளையும் ஆபத்தான இடங்களாயின. துளையில் பொருத்தப்படும் ரப்பர் வளையம் உலர்ந்து உதிர்ந்துவிட்டால், தகட்டின் விளிம்பு கத்தியைப் போல வயரை அறுக்கத் தொடங்கும்.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றம்

1950-களில் எஞ்சின்களின் அழுத்த விகிதம் உயர்ந்தது. அவற்றைச் சுழற்ற ஆறு வோல்ட் ஸ்டார்ட்டர் திணறியது. ஹீட்டர், ரேடியோ, வைப்பர் மோட்டார் என்று மின்சாரம் கேட்கும் பொருள்களும் கூடின. செவ்ரோலே பிக்கப்புகள் 1955-இலும் ஃபோர்டு பிக்கப்புகள் 1956-இலும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின.

இந்த மாற்றத்தின் நன்மையை எளிய கணக்கில் காணலாம். 60 வாட் விளக்குக்கு ஆறு வோல்ட்டில் 10 ஆம்பியர் தேவை. பன்னிரண்டு வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். ஆகவே அதே வயரில் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மெல்லிய வயரே போதுமானதாயிற்று.

ஆனால் கோளாறு ஏற்படும்போது கணக்கு தலைகீழாகிறது. வயர் சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆனால், அதே மின்தடையில் பன்னிரண்டு வோல்ட் இரு மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும். வெப்பம் நான்கு மடங்காகும். வயர்களும் முன்பைவிட மெலிந்திருந்தன. நல்ல நிலையில் இருக்கும்போது பாதுகாப்பானதாகவும், கெட்டுப்போகும்போது கூடுதல் ஆபத்தானதாகவும் அமைந்தது புதிய ஏற்பாடு. பழைய ஆறு வோல்ட் வண்டிகளை அவற்றின் அசல் வயரிங்கோடு பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றி ஓட்டுபவர்களும் இந்த ஆபத்தையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

காப்புறையின் முதுமை

தொடக்கக் கால வயர்களில் செம்பு இழைகளின் மேல் ரப்பரும், அதன்மேல் வார்னிஷ் பூசிய பருத்தி நூல் பின்னலும் இருந்தன. ரப்பர் காற்றிலும் வெப்பத்திலும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். பருத்திப் பின்னல் எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும். இத்தகைய வயரை வளைத்தால் காப்புறை பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். பல பத்தாண்டுகள் அசையாமல் கிடந்து ஒழுங்காக வேலை செய்த வயர், பழுதுபார்க்கும்போது லேசாக நகர்த்தப்பட்டதாலேயே ஷார்ட் ஆவது இந்த வகையில் சாதாரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிவிசி என்ற பிளாஸ்டிக் காப்புறை பரவியது. அது ஈரத்தை உறிஞ்சாது. பல நிறங்களில் வந்ததால் வயர்களை அடையாளம் காண்பதும் எளிதாயிற்று. எனினும் பிவிசியை வளையும்படி வைத்திருப்பது அதில் கலக்கப்படும் மென்மையூட்டி. எஞ்சின் சூட்டில் அது மெல்ல ஆவியாகிவிட, காப்புறை இறுகி விரிசல் விடும். சாதாரண பிவிசி வயர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கே தரப்படுத்தப்பட்டது. பின்னாளில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலித்தீன் காப்புறை 125 பாகை வரை தாங்கும். எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்க்கு அருகே வயர் செல்லும் வண்டிகளில் இந்த வேறுபாடு முக்கியமானது.

1972 வரை தயாரான ஃபோர்டு, செவ்ரோலே பிக்கப்புகளில் இன்னொரு கூடுதல் ஆபத்தும் இருந்தது. அவற்றின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் அறைக்குள், இருக்கைக்குப் பின்னால் இருந்தது. எரிபொருள் அளவு காட்டும் வயர் அந்த டேங்க் வரை செல்லும். டாஷ்போர்டுக்குக் கீழே பிடிக்கும் சிறு தீக்கும் பெட்ரோலுக்கும் இடையே ஓர் இருக்கை மட்டுமே இருந்தது. 1973 மாதிரிகளில் டேங்க் அறைக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது.

ஃபியூஸ் காக்காத தடங்கள்

ஃபியூஸின் வேலை, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது தான் உருகி வயரைக் காப்பது. பழைய பிக்கப்புகளில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள் ஒரு சிறு பெட்டியில் இருந்தன. ஆனால் எல்லாச் சுற்றுகளும் அந்தப் பெட்டி வழியாகச் செல்லவில்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கும், டைனமோவுக்கும், இக்னிஷன் ஸ்விட்சுக்கும் செல்லும் முதன்மைத் தடங்களில் பல வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. முன்விளக்குகளின் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே ஓடியது; இடையில் ரிலே இல்லை. பேட்டரி ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரக்கூடியது. காப்பில்லாத மெல்லிய வயர் சில நொடிகளில் சிவந்து எரியும். அது பக்கத்திலிருக்கும் வயர்களின் காப்புறையையும் உருக்க, ஒரு கட்டு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

1960-களில் இதற்கு ஃபியூசிபிள் லிங்க் என்ற தீர்வு பரவலானது. முதன்மை வயரின் தொடக்கத்தில், அதைவிட நான்கு கேஜ் எண் மெலிந்த ஒரு துண்டு வயர் இணைக்கப்படும். அதன் காப்புறை எளிதில் தீப்பற்றாத வகை. ஷார்ட் ஏற்பட்டால் அந்தத் துண்டு மட்டும் உள்ளே உருகி அறுபடும். வெளியிலிருந்து பார்த்தால் அறுந்தது தெரியாது. இழுத்துப் பார்த்தால் ரப்பரைப் போல நீளும். இந்த எளிய பொருளின் பயன் பலருக்குப் புரியவில்லை. அறுந்த லிங்க்கை எடுத்துவிட்டுச் சாதாரண வயரைப் போட்டு ஒட்டியவர்கள் ஏராளம். வண்டி ஓடும், காவல் போய்விடும்.

கண்ணாடி ஃபியூஸ்களுக்கும் இதே கதி நேர்ந்தது. அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய அளவு ஃபியூஸைப் போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுவது ஆகியவை பழைய வண்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட பழக்கங்கள். 1970-களின் பிற்பகுதியில் வந்த தட்டை வடிவப் பிளாஸ்டிக் ஃபியூஸ்கள் அளவுக்கேற்ற நிறத்தோடு வந்ததால் தவறான அளவைப் போடுவது ஓரளவு குறைந்தது.

மோசமான இணைப்பும் டாட்ஜின் அம்மீட்டரும்

ஃபியூஸ் பிடிக்க முடியாத கோளாறு ஒன்று உண்டு. அது மோசமான இணைப்பு. துருப்பிடித்த அல்லது தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் உண்டாகும் வெப்பம் 10 வாட். 30 ஆம்பியர் பாய்ந்தால் 90 வாட். சாலிடரிங் அயர்னின் சூட்டுக்கு இது நிகர். மின்னோட்டம் கூடவில்லை என்பதால் ஃபியூஸ் அசையாது. பிளாஸ்டிக் கனெக்டர் மெல்லப் பழுத்து, கருகி, உருகும்.

1960-களிலும் 70-களிலும் தயாரான டாட்ஜ் பிக்கப்புகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. டைனமோவை விடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கிரைஸ்லர் நிறுவனம் 1960-இல் வேலியன்ட் காரில் கொண்டுவந்தது. பின்னர் மற்ற வண்டிகளுக்கும் விரிவாக்கியது. ஆனால் மின்னேற்றத்தை அளந்துகாட்டும் அம்மீட்டர் பழைய முறையிலேயே இருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் தடுப்புத் தகட்டிலுள்ள கனெக்டர் வழியாக ஓட்டுநர் அறைக்குள் வந்து, அம்மீட்டரைக் கடந்து, அதே கனெக்டர் வழியாகத் திரும்பிச் சென்றது. அந்தக் கனெக்டரின் தகட்டு முனைகள் மிகச் சிறியவை. எஞ்சின் பக்கத்து ஈரமும் துருவும் அவற்றில் ஏறின. பேட்டரி வலுவிழந்த ஒவ்வொரு முறையும் பெரிய மின்னோட்டம் அவற்றின் வழியே பாய்ந்தது. கனெக்டர் உருகுவதும் அம்மீட்டரின் திருகுகள் சூடேறி டாஷ்போர்டில் புகை எழுவதும் இவ்வண்டிகளில் வழக்கமான கோளாறாயின.

இதற்கு மாற்றாக, மின்சாரத்தின் சிறு பகுதியை மட்டும் மீட்டருக்கு அனுப்பும் முறையை மற்ற நிறுவனங்கள் கையாண்டன. காலப்போக்கில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டருக்குப் பதிலாக அழுத்தத்தை மட்டும் அளக்கும் வோல்ட்மீட்டர் எங்கும் வழக்கமாயிற்று. இன்று பழைய டாட்ஜைப் புதுப்பிப்பவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக, உரிய காவலோடு ஒரு தடித்த வயரைப் போட்டு அம்மீட்டரை ஒதுக்கிவிடுவது.

எர்த் இணைப்பும் இதே வகையைச் சேர்ந்தது. எஞ்சினையும் உடற்பகுதியையும் சட்டத்தையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்து அறுந்துபோனால், மின்சாரம் வேறு வழி தேடும். ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ ஏதேனும் மெல்லிய வயர் வழியாகவோ திரும்ப முயலும். சாவியைத் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளில் புகை வருவது, ஹெட்லைட்டைப் போட்டால் இன்டிகேட்டர் மங்கலாக எரிவது ஆகியவை பெரும்பாலும் எர்த் கோளாறின் அடையாளங்கள்.

உரிமையாளர்கள் சேர்த்தவை

பிக்கப் வேலைக்கான வண்டி என்பதால் வாங்கியவர்கள் அதில் பல பொருள்களைச் சேர்த்தார்கள். டிரெய்லர் இழுக்க விளக்கு வயர்கள், டிரெய்லர் பிரேக் கட்டுப்பாடு, வின்ச், பனி தள்ளும் தகடு, கூடுதல் விளக்குகள், 1970-களின் சிபி ரேடியோ அலையில் ரேடியோக்கள் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கு மின்சாரம் எடுக்க மிக எளிய வழி, ஏற்கனவே ஓடும் வயரின் காப்புறையைக் குத்தி இணைக்கும் கிளிப். அந்தக் கிளிப் வயரின் சில இழைகளை அறுக்கும். திறந்த இடத்தில் மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் நுழையும். செம்பு பச்சை பூத்துப்போகும். பல கைகள் மாறிய வண்டியில் எந்த வயரை யார், எப்போது, எதற்காகப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. தொழிற்சாலை வரைபடம் அந்த வண்டிக்குப் பொருந்தாது. நீண்ட காலம் நிறுத்திவைத்த வண்டிகளில் எலிகள் காப்புறையைக் கடித்துவைப்பதும் உண்டு.

சட்டத்தின் வருகை

1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வண்டியின் வடிவமைப்புக் குறைபாட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தேசியச் சட்டம் இல்லை. ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட நூலும் அதையொட்டி எழுந்த விவாதமும் 1966-இல் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறக்க வழிவகுத்தன. பாதுகாப்புக் குறைபாடு இருந்தால் உரிமையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1970-இல் உருவானது. குறைபாட்டை இலவசமாகச் சரிசெய்து தரும் கடமையை 1974-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது.

இலவசப் பழுதுநீக்கத்துக்குக் கால வரம்பு இருந்தது. முதலில் எட்டு ஆண்டுகள். 2000-இல் பத்து ஆண்டுகள். 2015-இல் பதினைந்து ஆண்டுகள். அந்த வயதைக் கடந்த வண்டிக்கு இலவசமாகச் சரிசெய்து தர உற்பத்தியாளர் சட்டப்படி கடமைப்பட்டவரல்ல. வயரிங் கோளாறோ வயது ஏற ஏறத்தான் வெளிப்படும். சட்டத்தின் கணக்கும் வயரின் கணக்கும் இந்த இடத்தில் முரண்பட்டன.

1972 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி, ஓட்டுநர் அறையில் உள்ள பொருள்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்றது. இருக்கை உறை, கூரைத் துணி முதலியவற்றுக்கு அது பொருந்தியது. எஞ்சின் பகுதியின் வயரிங்குக்கு அது பொருந்தவில்லை.

1996: இக்னிஷன் ஸ்விட்ச்

1980-களின் பிற்பகுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் தயாரான ஃபோர்டு வண்டிகளில் ஸ்டியரிங் தண்டின் மேல் பொருத்தப்பட்டிருந்த இக்னிஷன் ஸ்விட்ச், உள்ளுக்குள் ஷார்ட் ஆகி வெப்பமடைவதாகப் புகார்கள் வந்தன. ஸ்டியரிங் பகுதியிலிருந்து புகை எழுந்தது. சில வண்டிகள் எரிந்தன. ஆளில்லாமல் நிறுத்தியிருந்த வண்டிகளிலும் இது நேர்ந்தது. சாவியை எடுத்த பிறகும் ஸ்விட்சின் ஒரு முனைக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருப்பதே காரணம். 1996 ஏப்ரலில் ஃபோர்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 87 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கார்களோடு எஃப் வரிசைப் பிக்கப்புகளும் அவற்றில் அடங்கும்.

எப்போதும் மின்சாரம் இருக்கும் பகுதியில் சிறு குறைபாடும் பெருந்தீயாகலாம் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. ஆனால் அதே வகை ஆபத்து அதே நிறுவனத்தின் வண்டிகளில் வேறோர் இடத்தில், பானட்டுக்குக் கீழே, ஏற்கனவே உருவாகிக்கொண்டிருந்தது.

குரூஸ் கண்ட்ரோல் ஸ்விட்ச்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் வண்டியை ஓட்டவைக்கும் ஏற்பாடு குரூஸ் கண்ட்ரோல். பிரேக்கை மிதித்ததும் அது விடுபட வேண்டும். பிரேக் விளக்கின் ஸ்விட்ச் இதைச் செய்கிறது. அது பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக, இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றை ஃபோர்டு சேர்த்தது. பிரேக் குழாயில் ஆயிலின் அழுத்தம் உயர்ந்தால் அந்த ஸ்விட்ச் திறந்து, குரூஸ் கண்ட்ரோலின் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. பின்னாளில் கோடி வண்டிகளைத் திரும்ப அழைக்கவைத்த பொருள், பாதுகாப்புக்காகவே சேர்க்கப்பட்ட ஒன்று.

விரலளவே ஆன அந்த ஸ்விட்சின் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் மின்முனைகள். இரண்டையும் பிரிப்பது கேப்டன் என்ற பாலிஇமைடு படலத்தாலான மெல்லிய சவ்வு. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் சவ்வு வளைந்து நிமிரும். ஆண்டுக்கணக்கில் அப்படி வளைந்த சவ்வில் விரிசல் விழுந்தது. பிரேக் ஆயில் துளித்துளியாக மின்முனைகள் இருக்கும் பக்கம் கசிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்தால் மின்சாரத்தைக் கடத்தும். ஸ்விட்சின் உலோக உறை சட்டத்தோடு இணைந்தது. மின்முனைக்கும் உறைக்கும் இடையே கசிந்த ஆயில் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கியதும் உலோகம் அரித்தது. அரித்த பொருள் மேலும் நன்றாக மின்சாரத்தைக் கடத்தியது. பிளாஸ்டிக் அடிப்பாகம் கருகியது.

இதில் ஃபியூஸ் உதவவில்லை. 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள சுற்றில் 8 ஆம்பியர் கசிந்தால் ஃபியூஸுக்கு அது சாதாரண மின்னோட்டம். ஆனால் பன்னிரண்டு வோல்ட்டில் அது ஏறத்தாழ 100 வாட் வெப்பம். விரலளவு பிளாஸ்டிக் பொருளுக்குள் அவ்வளவு வெப்பம் சேர்ந்தால் தீ பிடிக்கும். பக்கத்திலேயே எரியக்கூடிய பிரேக் ஆயிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஸ்விட்சுக்கு எப்போதும் மின்சாரம் இருந்தது. வண்டி நின்ற பிறகும் பேட்டரி அதற்கு ஊட்டிக்கொண்டே இருந்தது.

திரும்ப அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1999 மே: 1992, 1993 மாதிரி லிங்கன் டவுன் கார், கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ் கார்கள், சுமார் 2.79 லட்சம்.

2005 ஜனவரி: 2000-ஆம் ஆண்டு எஃப்-150 பிக்கப், எக்ஸ்பெடிஷன், நேவிகேட்டர், 2001-ஆம் ஆண்டு எஃப்-150 சூப்பர்குரூ, சுமார் 7.92 லட்சம்.

2005 செப்டம்பர்: 1994 முதல் 2002 வரையிலான எஃப்-150 பிக்கப்புகளும் எக்ஸ்பெடிஷன், நேவிகேட்டர், பிராங்கோ வண்டிகளும், சுமார் 38 லட்சம்.

2006 ஆகஸ்ட்: கூடுதல் எடை தாங்கும் எஃப் வரிசைப் பிக்கப்புகள் உள்பட, சுமார் 12 லட்சம்.

2007 ஆகஸ்ட்: 1992 முதல் 2004 வரையிலான பல வகை வண்டிகள், சுமார் 36 லட்சம்.

2008: சுமார் 2.25 லட்சம்.

2009 அக்டோபர்: விண்ட்ஸ்டார், எக்ஸ்ப்ளோரர், ரேஞ்சர் உள்பட, சுமார் 45 லட்சம்.

எல்லா மாதிரிகளிலும் தீ ஒரே அளவில் நேரவில்லை. ஒரே வகை ஸ்விட்ச் சில மாதிரிகளில் அதிகமாகவும் சிலவற்றில் மிக அரிதாகவும் பழுதானது. ஸ்விட்ச் எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது, பிரேக்கை விடும்போது குழாயில் வெற்றிட அழுத்தம் எழுந்து சவ்வை எதிர்ப்பக்கம் இழுக்கிறதா, மின்சாரம் எந்த வழியாகத் தரப்படுகிறது என்பனவெல்லாம் ஆராயப்பட்டன. ஒரு பொருளின் பழுதாகத் தொடங்கிய விசாரணை, அந்தப் பொருளைச் சுற்றியுள்ள முழு அமைப்பையும் பற்றியதாக விரிந்தது. பத்தாண்டு இழுத்ததற்கும், ஒவ்வொரு முறையும் இன்னும் சில மாதிரிகள் பட்டியலில் சேர்ந்ததற்கும் இதுவே காரணம். 2009-இல் சேர்க்கப்பட்ட வண்டிகளில் பல, தீ விபத்துப் புகார் மிகக் குறைவாக இருந்தும் அதே ஸ்விட்சைக் கொண்டிருந்ததால் சேர்க்கப்பட்டவை.

தீர்வு எளிமையாக இருந்தது. மாற்றுப் பொருள் கிடைக்கும் வரை டீலர்கள் ஸ்விட்சின் இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். அதனால் குரூஸ் கண்ட்ரோல் மட்டும் இயங்காது. பிறகு ஸ்விட்சுக்கும் வண்டியின் வயருக்கும் இடையே, சிறிய ஃபியூஸ் பொருத்திய ஒரு துண்டு வயர் சேர்க்கப்பட்டது. கசிவு காணப்பட்ட ஸ்விட்சுகள் மாற்றப்பட்டன. சவ்வு விரிசல் விட்டாலும் கசியும் மின்சாரம் தீ மூட்டும் அளவுக்கு உயராமல் அந்தச் சிறு ஃபியூஸ் தடுத்தது.

அமெரிக்க வீடுகளில் கராஜ் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியிருக்கும். மரச்சட்டத்தால் கட்டப்பட்ட சுவர் ஒன்றே இரண்டையும் பிரிக்கும். இரவில் கராஜில் நின்ற பிக்கப் தீப்பிடித்தால் உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கே ஆபத்து. தீ வீட்டுக்குப் பரவிய நிகழ்வுகள் பதிவாயின. உயிரிழப்பு தொடர்பான வழக்குகளும் நீதிமன்றம் சென்றன. திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் பெரும் எண்ணிக்கையானவை டீலரிடம் வரவே இல்லை. 2008 பிப்ரவரியில் பாதுகாப்பு நிர்வாகம் மீண்டும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டு, சரிசெய்யாத வண்டிகளை உடனே கொண்டுசெல்லுமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் சென்சார் பிரிவை 2006-இல் விற்றது. அது சென்சாட்டா என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று.

பழைய வண்டிகளின் இன்றைய நிலை

திரும்ப அழைப்புக் கடிதம் பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்கே போகும். இரண்டு, மூன்று கை மாறிய பிக்கப்பின் இன்றைய உரிமையாளருக்கு அது கிடைக்காமல் போவது இயல்பு. 2014 ஆகஸ்ட் முதல் வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு, சரிசெய்யப்படாத திரும்ப அழைப்பு உள்ளதா என்பதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அந்தக் கடமை பதினைந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட அழைப்புகளுக்கே உரியது. 1990-களின் பிக்கப்புக்கு அதில் எந்த அழைப்பும் காணப்படாமல் போகலாம். சரிசெய்யப்பட்டதா என்பதைப் பானட்டைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு அருகிலுள்ள ஸ்விட்சில் ஃபியூஸோடு கூடிய துண்டு வயர் இருந்தால் பழுது நீக்கப்பட்டிருக்கிறது. இல்லையென்றால், அல்லது கனெக்டரில் ஈரமோ கருமையோ தெரிந்தால், இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே வழி.

பழைய வண்டிகளைப் பேணுபவர்களிடையே சில நடைமுறைகள் நிலைபெற்றிருக்கின்றன. நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் பொருத்துவது அவற்றில் முதன்மையானது. எப்போதும் மின்சாரம் உள்ள தடம் என்ற ஆபத்தையே அது நீக்கிவிடுகிறது. முதன்மைத் தடங்களில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைப்பது, ஹெட்லைட்டுக்கு ரிலே சேர்ப்பது, எர்த் பட்டைகளைப் புதுப்பிப்பது, தடுப்புத் தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையங்களை மாற்றுவது, யாரோ சேர்த்த பயனற்ற வயர்களை முழுவதும் அகற்றுவது ஆகியவை அடுத்தவை. காப்புறை உதிரும் நிலையில் உள்ள வண்டிக்கு ஒட்டுப்போடுவதைவிட முழு வயரிங்கையும் மாற்றுவதே பாதுகாப்பானது. அதற்கென்றே தயாராக வெட்டி, எழுத்துக் குறியிட்ட வயரிங் தொகுப்புகள் இப்போது விற்கப்படுகின்றன.

கருகிய நாற்றம், கை வைத்தால் சுடும் ஸ்விட்ச், அடிக்கடி போகும் ஒரே ஃபியூஸ், காரணமின்றி இறங்கும் பேட்டரி, தானாக மங்கும் விளக்கு ஆகியவை தீக்கு முன் வரும் அறிகுறிகள். ஒரே ஃபியூஸ் இரண்டாம் முறை போனால், அதைவிடப் பெரிய ஃபியூஸைத் தேடுவதற்கு முன் அந்தச் சுற்றின் வயரைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தேடிப் பார்ப்பது பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் அடிப்படை விதி.